லெவன், ஒன் ஒன்

செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளை

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், அங்கே உன் சௌக்கியம்தான் தெரிய வேண்டும். என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. அம்மா நன்றாக இருக்கிறாள். இன்று காலைகூட நான் வாங்கி வந்த செருப்பு ஓர் அளவு பெரிது என்று என்னோடு மல்லுக்கு நின்றாள். இவ்வளவு சண்டை போடுகிற உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது என்கிறார் உன் அத்தான்.

இந்தக் கடிதத்தை இன்று எழுதுகிறேனே தவிர, இன்று அனுப்ப முடியாது. மேசை இழுப்பறையில் பூட்டி வைத்து, அனுமதி கிடைத்த பிறகுதான் தபாலில் சேர்ப்பேன். காரணம் கீழே வருகிறது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்க மாட்டாய். நாம் இருவரும் நேராகப் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் இரவுப் பணி முடிந்து அங்கே காலை எட்டரை மணி ஆகும்போது நீ அம்மாவைக் கூப்பிடுகிறாய். இங்கே அப்போது பதினொன்று. மணி அடித்ததும் நான் சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடியும் கழுவுவேன். அம்மாவுக்குக் காது மந்தமானதிலிருந்து ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். பெரியவள் இருக்கிறாளா என்று நீ கேட்பதும், இருக்கிறாள், வேலையாக இருக்கிறாள் என்று அம்மா சொல்வதும் எனக்குக் கேட்கும். அதோடு நம் பேச்சு முடிந்தது.

என் வேலை உனக்குத் தெரியும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. வெளிநாட்டு வேலைக்குப் போகும் செவிலியர்கள், ஓட்டுநர்கள், முதியோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வில், காதால் கேட்டு விடை எழுத வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குக் கேள்வி எழுதுகிறவள் நான். ஒலிப்பதிவில் ஒரு குரல் பேசும். எத்தனை மணிக்கு வரச் சொன்னார், எந்த வாசலில் நிற்கச் சொன்னார், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று நாங்கள் கேட்போம். தேர்வு எழுதுகிறவர் ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும்.

இருபது வருஷமாக அந்தக் குரல் ஒரே ஆளுடையது. செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர், அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் வானொலியார். அவர் தும்மினால்கூட உச்சரிப்பு பிசகாது என்று ஒலிப்பதிவு அறையில் கேலி செய்வோம். போன வருஷம் புதிதாக ஒரு தலைவர் அம்மா வந்தார். முதல் கூட்டத்திலேயே, தேர்ச்சி பெற்றுப் போகிறவர்களில் எத்தனை பேர் அங்கே வானொலியாரைப் போன்ற ஒருவரிடம் பேசப் போகிறார்கள் என்று கேட்டார். அங்கே மருத்துவர் ஒரு நாட்டுக்காரர், மேற்பார்வையாளர் இன்னொரு நாட்டுக்காரர், படுக்கையில் இருப்பவர் வேறொரு நாட்டுக்காரர். எல்லாரும் ஆங்கிலம் பேசுகிறார்கள், பலருக்கு அது தாய்மொழி இல்லை. அதனால் தேர்விலும் அப்படிப்பட்ட நான்கு குரல்களைச் சேர்ப்பது என்று முடிவானது.

எதிர்த்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தது நான்தான். தப்பான உச்சரிப்பைத் தேர்வுக்குள் விட்டால் நாளைக்கு எதைச் சரி என்று சொல்வது என்று கேட்டிருந்தேன். தலைவர் அம்மா படித்துவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பல ஊர்களில் ஆட்களைப் பிடித்து, குரலைப் பதிவு செய்து அனுப்பினார்கள். பெயர் கிடையாது. எண்ணும் தாய்மொழியும் மட்டும். முதல் இரண்டு நிமிடம் அவரவர் வேலையைப் பற்றி இஷ்டப்படி பேச வேண்டும், பிறகு நாங்கள் எழுதிக் கொடுத்த உரையாடலைப் படிக்க வேண்டும். நான்காம் குரல், தாய்மொழி தமிழ். காதில் மாட்டிக்கொண்டு, குறை கண்டுபிடிக்கத் தயாராகப் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு பெண், மருத்துவமனையில் வேலை. பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையை லேசாகச் செருமிக்கொண்டாள். நிதானமான பேச்சு. ஒரு நிமிடம் கேட்டும் எனக்கு யார் என்று தெரியவில்லை. மருந்தகத்துக்குப் போன் செய்து, எந்த வார்டிலிருந்து பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுவேன் என்றாள். “வார்ட் லெவன்” என்றாள். என் பென்சில் நின்றுவிட்டது; முதலில் கேட்ட அந்தச் செருமலும் உன்னுடையதுதான் என்று அப்போதுதான் பிடிபட்டது.

கூடப் பிறந்தவளின் குரல் எப்படித் தெரியாமல் போகும் என்று நீ நினைக்கலாம். உன் தமிழ்க் குரல் எனக்குத் தெரியும். சேர்ந்தாற்போல் நான்கு வாக்கியம் நீ ஆங்கிலம் பேசி நான் கேட்டதே இல்லை. என் முன்னால் நீ பேச மாட்டாய். ஏன் என்று நம் இருவருக்கும் தெரியும்.

வீட்டில் எல்லாருமே லெவன்தான். அப்பா லிஃப்ட் இயக்கிய கட்டடத்தில் பதினோரு மாடி. கடைசி மாடி வந்ததும் “லெவன்” என்று சொல்லிக் கதவைத் திறப்பார். நாமும் அப்படியே பிடித்துக்கொண்டோம். கல்லூரியில் முதல் வாரம் விரிவுரையாளர் என்னை எழுப்பி நிற்க வைத்து, முன்னால் ஒரு ‘இ’ இருக்கிறது, அதை வீட்டில் விட்டுவிட்டு வந்தாயா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று இலெவன், இலெவன் என்று நாள் கணக்கில் சொல்லிப் பார்த்தேன். எனக்கு வந்ததும் உன்னைத் திருத்த ஆரம்பித்தேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். உண்மையில் நீ அப்படிச் சொல்வது கேட்டால் எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த நேர்காணல் அன்று உன்னைவிட எனக்குத்தான் படபடப்பு. எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாய். தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை மாதம் வேலை பார்த்தாய் என்று கேட்டார்கள். நீ “லெவன்” என்றாய். நான் எதிரே நின்று, பெரிய எழுத்தில் அந்தச் சொல்லை ஒரு தாளில் எழுதி, முதல் எழுத்துக்கு அடியில் இரண்டு கோடு போட்டு, உன் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். நீ தாளைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். மன்னிக்கவும் என்றாய். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் உனக்கு வாய் வரவில்லை. ஐந்து நிமிடத்தில் வைத்துவிட்டார்கள். நீ அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாய். அடுத்த வருஷம் வேறு வழியில் வேலை தேடி, பெட்டி கட்டிய பிறகுதான் கிளம்பும் தேதியை அம்மா மூலம் எனக்குச் சொல்லி அனுப்பினாய்.

உன் குரல் என்று தெரிந்த அன்றே தலைவர் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். உறவினர் சம்பந்தப்பட்டால் எழுதிக் கொடுத்து விலகிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. ஆறு வாரமாகச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பதிவை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். தினமும் மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் முன் அந்த இரண்டு நிமிடத்தை ஒரு தடவை கேட்பேன். வேலைக்காகக் கேட்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இதற்கிடையில் நான்கு குரல்களையும் நூற்றெண்பது பேரை உட்கார வைத்து வெள்ளோட்டம் பார்த்தோம். புள்ளிவிவரம் பார்க்கிறவரைக் கணக்குக்காரர் என்போம், அவர் பட்டியல் போட்டுக் கொண்டுவந்தார். பெரும்பாலான கேள்விகளில் உன் குரலைக் கேட்டு எழுதியவர்கள் வானொலியாரைக் கேட்டு எழுதியவர்களுக்குச் சளைக்கவில்லை. சில கேள்விகளில் ஒரு படி மேல். நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்துக்கு அங்கேயே வேலை இல்லாமல் போனது.

ஆனால் இருபத்துமூன்றாம் கேள்வி உதைத்தது. பரிசோதனை முடிவை எந்த வாசலில் வாங்க வேண்டும்? பதினொன்றாம் வாசல். எழுபத்தொரு பேர் ஏழு என்று எழுதியிருந்தார்கள். லெவன் அவர்கள் காதில் செவன் என்று விழுந்திருக்கிறது. தமிழ் பேசுகிறவர்கள் மட்டும் ஒருவர் விடாமல் சரியாக எழுதியிருந்தார்கள். ஒரு மொழிக்காரருக்கு மட்டும் லாபம் தரும் கேள்வியைத் தேர்வில் வைக்க முடியாது, அதில் மறுபேச்சே இல்லை. நான்காம் குரலையே எடுத்துவிடலாம் என்றார் வானொலியார். தலைவர் அம்மா ஒரு வாய்ப்பு கொடுப்போம் என்றார். அந்தச் சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு அனுப்பி, அந்த இடத்தை மட்டும் மறுபடி பதிவு செய்து வாங்குவது. அப்போதும் சரியாக வராவிட்டால் குரலை நீக்கிவிடுவது. குறிப்பை எழுதும் வேலை எனக்கு. இன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும்.

காலையிலிருந்து வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத வேண்டியது ஒரே ஒரு சொல், முதல் எழுத்துக்கு அடியில் ஒரு கோடு. அதைத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்பு எழுதினேன். யார் எழுதியது என்று உனக்குத் தெரியப்போவதில்லை. கை வரவில்லை.

இடைவேளை முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. தலைவர் அம்மாவின் அறைக்குப் போய் அது என் தங்கை என்று சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு உன் குரல் நிற்குமா போகுமா என்பது என் கையில் இல்லை.

•

வியாழக்கிழமை, காலை

சின்னவளே,

மேலே உள்ளதை எழுதி நான்கு மாதம் ஆகிவிட்டது. போன சனிக்கிழமை தேர்வு நடந்து முடிந்தது. இனி உனக்கு மட்டும் சொல்லலாம் என்று நேற்று எழுத்திலேயே அனுமதி தந்துவிட்டார்கள். நீயும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பாய். எந்த அலுவலகத்துக்காகப் பேசினாய் என்றே உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மாவிடம் நீ ஒரு வார்த்தை விடவில்லை. ஸ்பீக்கரில்தானே பேசுகிறீர்கள், நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று தலைவர் அம்மா குரலை உயர்த்தவில்லை. ஆறு வாரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். அது பதில் இல்லை என்றார், சரிதான். கண்டித்து ஒரு கடிதம் என் கோப்பில் ஏறியது. இருபது வருஷத்தில் முதல் கறுப்புப் புள்ளி. உன் அத்தான், பரவாயில்லை, இனிமேல் கோப்பைத் திறந்தால் படிக்க ஏதாவது இருக்கும் என்றார். இந்த மனுஷனோடு எப்படிக் குடித்தனம் நடத்துகிறேன் என்று நினைத்துப் பார்.

முடிவு எடுப்பதில் எனக்கு வாக்கு இல்லை என்றாகிவிட்டது. ஆனால் அந்த உச்சரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கூட்டத்தில் வந்து விளக்கலாம் என்றார்கள். போனேன். தமிழ்க்காரர்களில் பலர் முதல் ஒலியை விழுங்கிவிடுவார்கள் என்று சொன்னேன். அப்பா லிஃப்டில் லெவன் என்று சொல்லி யாரும் ஏழாவது மாடியில் இறங்கியதில்லை என்றும் சொல்லிவைத்தேன். கதவு திறந்த மாடியில்தானே இறங்க முடியும் என்றார் வானொலியார். மடக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு, என்னால் முடியும்போது அவளாலும் முடியும், திருத்திக்கொள்ளச் சொல்லலாம், நானும் திருத்திக்கொண்டவள்தான் என்றேன். பழைய புத்தி, கடைசி நிமிடத்தில் எட்டிப் பார்த்தது. கணக்குக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “மேடம், இன்னிக்கு மீட்டிங் எத்தனை மணிக்குன்னு நேத்து உங்களைத்தான் கேட்டேன். லெவன்னு சொன்னீங்க. இத்தனை வருஷமா அப்படித்தான் சொல்றீங்க. நாங்களும் சரியான நேரத்துக்குத்தான் வந்துட்டிருக்கோம்.”

நான் வானொலியாரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கண்ணாடி முன்னால் நின்ற அத்தனை நாளும் வீண். யோசித்துப் பேசும்போது இலெவன், அவசரத்தில் லெவன். சுற்றி இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் என் முகத்துக்கு நேராகத் தாளைத் தூக்கிப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. தண்ணீர் குடிப்பதுபோல் சமாளித்தேன்.

பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது: உன் வார்டுக்கு மருந்து சரியாக வந்து சேர நீ என்ன செய்கிறாய்? நீ உன் வேலையைப் பற்றிப் பேசிய அந்த இரண்டு நிமிடத்தைப் போடச் சொன்னேன். தினமும் கேட்டேனே தவிர, லெவன் வந்ததும் என் காது அதோடு அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த சொல்லை நான் சட்டை செய்யவே இல்லை. அன்றுதான் ஒழுங்காகக் கேட்டேன். வார்ட் லெவன், ஒன் ஒன் என்று இலக்கங்களையும் பிரித்துச் சொல்கிறாய். படுக்கை எண் லெவன், ஒன் ஒன். மூன்று இடத்தில் வருகிறது, மூன்றிலும் அதே நிதானம். யாரும் திருத்தாமல் நீயாகவே கண்டுபிடித்த வழி. எத்தனை தடவை ஏழாம் வார்டுக்கு மருந்து போய்த் திரும்பி வந்ததோ, யார் யார் முகம் சுளித்தார்களோ, எனக்குத் தெரியாது. நாங்கள் எழுதிக் கொடுத்த உரையாடலில் வெறும் எண் மட்டும் இருந்தது. நீ கட்டுப்பட்டு அதை மட்டும் படித்திருக்கிறாய். குறை நாங்கள் எழுதிக் கொடுத்ததில்தான் இருந்தது.

பதிவு முடிந்ததும் வானொலியார்தான் முதலில் பேசினார். “இந்தப் பொண்ணுக்குத் தன் பேச்சு எங்க வழுக்கும்னு தெரிஞ்சிருக்கு. நாப்பது வருஷம் மைக் முன்னாடி உக்காந்தும் எனக்கு அது தெரியாது” என்றார். பெரிய மனுஷன்.

குறிப்பை நான் எழுதவில்லை. தலைவர் அம்மாவே எழுதினார். உனக்கு வந்திருக்கும்: எழுதியிருப்பதை அப்படியே படிக்க வேண்டாம், வேலையில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள் என்று. நீ சொல்லி அனுப்பினாய். புதிதாக நூற்றெண்பது பேரை வைத்துப் பார்த்ததில் ஆறு பேர்தான் தவறினார்கள். நான்காம் குரல் நின்றுவிட்டது.

சனிக்கிழமை தேர்வுக் கூடத்தில் எனக்கு மேற்பார்வை வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. எந்த நிமிடத்தில் எந்தக் கேள்வி ஓடும் என்று எனக்கு மனப்பாடம். இருபத்துமூன்று வரும்போது வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்தேன். ஏழு எழுதும் பேனா வளைந்து இறங்கும். அங்கே பேனாக்கள் மேலிருந்து கீழே ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு என்று இழுத்தன. வரிசை வரிசையாக அதைப் பார்த்துக்கொண்டே போனேன். அவர்களில் பலர் உன்னைப் போலவே வேலைக்காகக் கடல் தாண்டப் போகிறவர்கள். உன் பேச்சு அவர்களுக்குப் புரிந்தது.

அந்தத் தாளை நான் தூக்கியிருக்கக் கூடாது. அது இன்னும் உன் கைப்பையில் இருந்தால் கிழித்துப் போட்டுவிடு. வைத்திருந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது உன் சொத்து.

மற்றபடி அம்மா புதுச் செருப்புக்குள் பஞ்சு வைத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறாள், மாற்றித் தருகிறேன் என்றால் மறுக்கிறாள். உன் அத்தானுக்கு முழங்கால் வலி, அதற்காகப் பேச்சைக் குறைத்தபாடில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. இரவுப் பணி முடிந்த கையோடு தூங்கப் போ, துணி துவைக்க உட்காராதே.

நீ எங்கே இருந்தாலும் உன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அக்கா வேண்டிக்கொள்வது அவ்வளவுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை போனை நான் எடுக்கிறேன், அம்மாவுக்கு அப்புறம் கொடுக்கிறேன். நீ மாட்டேன் என்று வைத்துவிட்டால் அடுத்த ஞாயிறும் எடுப்பேன். எத்தனை மணிக்குக் கூப்பிடுவாய் என்று முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பு. எழுதாதே, குரலில் அனுப்பு. வெறும் லெவன் என்று சொன்னால் போதும். என்னிடம் ஒன் ஒன் சேர்க்க வேண்டாம்.

உன்னை மாதிரியே பேசுகிற
அக்கா